நீல விளக்கு மின்னும்போது

மூன்று வாரமாக என் வலது கட்டைவிரலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘செலஸ்ட்’ என்ற கணினி விளையாட்டில் ஓர் அறை. சுவரிலிருந்து குதித்து, நடுவானில் ஒரு தரம் சீறிப் பாய்ந்து, எதிர்ச்சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். கீழே முழுக்க முள். பொத்தானை அழுத்திவிட்டேன் என்று விரல் சத்தியம் செய்கிறது. திரையில் இருக்கும் சிவப்புத் தலைமுடிப் பெண்ணோ குதிக்காமல் விளிம்பைத் தாண்டி அப்படியே முள்ளில் போய் விழுகிறாள். நாற்பத்தாறு வயதாகிறது, விரல் மந்தமாகிவிட்டது, இனி நமக்குச் சீட்டுக்கட்டுதான் என்று முடிவு கட்டும் நிலைக்கு வந்துவிட்டேன்.

செலஸ்ட் 2018-இல் வெளிவந்தது. பார்ப்பதற்குக் கொடூரமாக இருந்தாலும் ஆட்டக்காரரிடம் ரொம்பவே தாராளமாக நடந்துகொள்ளும் விளையாட்டு அது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில ஃபிரேம்கள் வரை குதிக்க விடும். ஃபிரேம் என்றால் நொடியில் 60-இல் ஒரு பங்கு. கூரையின் மூலையில் தலை லேசாக இடித்தால், சத்தமில்லாமல் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மேலே போகச் சொல்லும். இப்படிக் கருணை காட்டும் இடத்திலும் விழுகிறோம் என்றால் தப்பு நம்முடையதாகத்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள். பதினொரு வயது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அப்பா, அந்த நீல விளக்கு மின்னும்போதுதான் நீங்கள் விழுகிறீர்கள்.”

நீல விளக்கு என்பது ஹார்ட் டிஸ்க் பெட்டியின் விளக்கு. மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் இதைக் ‘கேசிங்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கணினிக்குள் இருக்க வேண்டிய வன்தட்டை வெளியே வைத்து, யுஎஸ்பி கம்பி வழியாக இணைக்கும் கூடு. அப்பா விட்டுப்போன ஒலிநாடாக்களை எண்ணிமமாக்கி அதில்தான் சேமித்துவந்தேன். சனிக்கிழமை இரவுகளில் வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சிக்காகவே சாப்பாட்டை முன்கூட்டி முடித்துக்கொள்ளும் மனிதர் அவர். ஏறத்தாழ இருநூறு கேசட்டுகள். குறுந்தகடு தரத்தில் சுருக்காமல் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, 90 நிமிட நாடா ஒன்றுக்கு 950 எம்பி. இரவில் அவை ஒரு பக்கம் நகலாகிக்கொண்டிருக்கும், மறுபக்கம் நான் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பேன்.

மகள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். நகலெடுப்பதை நிறுத்தினால் குதிக்கிறாள், தொடங்கினால் சில அழுத்தங்கள் காணாமல் போகின்றன. காரணம் எளிமையானது, எனக்குத்தான் அதுவரை தெரியாது. நான் பொத்தான் அழுத்தும் கம்பியில்லா கேம்பேடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும் யுஎஸ்பி 3.0 கம்பியும் அதன் இணைப்பு முனையும் அதே அலைவரிசையை ஒட்டி ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனம் இதை அளந்து 2012-இலேயே ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. என் கணினியின் முன்பக்கத்தில் கேசிங்கின் கம்பியும், கேம்பேடின் பட்டாணி அளவு ரிசீவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சந்தைக்கடைக்கு நடுவே காதோடு ரகசியம் பேசுகிற மாதிரி.

ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்சிக் கம்பி வாங்கி, ரிசீவரை அதன் நுனியில் செருகி, மேசை விளிம்பின் அடியில் டேப் போட்டு ஒட்டினேன். கேசிங்கைக் கணினியின் பின்பக்கத்துக்கு மாற்றினேன். அதோடு வந்த மலிவான கம்பியைத் தூக்கிப்போட்டுவிட்டு, நன்றாக உறையிட்ட குட்டைக் கம்பி ஒன்றை மாட்டினேன். கம்பியில்லா மவுஸ் திணறுகிறது, ப்ளூடூத் ஹெட்போன் கரகரக்கிறது, வைஃபை 2.4-இல் மட்டும் தொங்குகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பக்கத்தில் யுஎஸ்பி 3.0 டிஸ்க் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விளையாட்டிலும் சரி, கேசிங்கிலும் சரி, நான் எதிர்பார்ப்பது ஒன்றையேதான். கெட்டுப்போவதில் எனக்கு வருத்தமில்லை, கெட்டது யாரால் என்று தெரிய வேண்டும். அதை மறைக்கிற எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இப்போது இருப்பது என் நான்காவது கேசிங். முதலாவது, ரிச்சி தெருவில் வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, 3.5 அங்குல டிஸ்க்குக்கானது. இரண்டு மாடல்களில் எது நல்லது என்று கேட்டேன். “எல்லாம் ஒரே இடத்தில் செய்வதுதான் சார், விலைதான் வேறு” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடு புரிந்தது. மேலே அச்சிட்டிருக்கும் பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே யுஎஸ்பியையும், டிஸ்க் பேசும் சாட்டா இணைப்பையும் சேர்த்துவைக்கும் ஒரு சிப் இருக்கிறது. அது பெரும்பாலும் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் போன்ற தைவான் நிறுவனங்களில் ஒன்றிலிருந்து வருவது. நாம் வாங்குவது பெட்டியை அல்ல, அந்தச் சிப்பை. கொடுமை என்னவென்றால், அதே மாடல் எண்ணில் அடுத்த சரக்கு வரும்போது உள்ளே வேறு சிப் இருக்கலாம். அட்டைப்பெட்டியில் அதைப் போட மாட்டார்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டி ஆறே மாதத்தில் ‘டிக்... டிக்...’ என்று ஆரம்பித்தது. டிஸ்க் போய்விட்டது என்று வீட்டில் ஒரே துக்கம். உண்மையில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர் தளர்ந்துவிட்டது. 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும், சுழன்ற பிறகு அதில் பாதிகூடத் தேவைப்படாது. அடாப்டரில் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது, கொடுத்ததோ வேறு கணக்கு. தட்டு பாதி எழும்பி, மூச்சு வாங்கி, மறுபடி உட்காரும் சத்தம்தான் அந்த டிக் டிக். நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை மாட்டியதும் வாயை மூடிக்கொண்டது.

அடாப்டர் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல கேசிங்குகளின் மின்துளை 5.5 மில்லிமீட்டர் வட்டம். பல மடிக்கணினிகளின் 19 வோல்ட் அடாப்டர் முனையும் அதே அளவுதான். இருட்டில், மின்தடை முடிந்து கரண்ட் வந்த அவசரத்தில், கைக்குக் கிடைத்ததைச் செருகினால் டிஸ்க்குக்குச் சங்குதான். என் மனைவியின் நகச்சாயத்தைக் கொஞ்சம் கடன் வாங்கி, டிஸ்க் அடாப்டரின் முனையிலும் கேசிங்கின் துளையருகிலும் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டும் பொட்டும் சேர வேண்டும், அவ்வளவுதான் சாத்திரம். இதைப் படித்துவிட்டு வீட்டில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள்.

கறுப்புப் பெட்டியின் பெரிய குற்றம் வேறு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவேடு ஒன்று உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு சூடு, எத்தனை பகுதிகள் கெட்டு மாற்று இடத்துக்குப் போயின, எல்லாம் அதில் இருக்கும். நல்ல சிப் அந்தப் பதிவேட்டைக் கணினிக்குக் கடத்தும். இந்தச் சிப் கடத்தவில்லை. டிக் டிக் சத்தம் கேட்டபோது டிஸ்க்கா, அடாப்டரா, கம்பியா என்று சொல்ல வழியே இல்லாமல் போனது அதனால்தான். அதோடு காற்றோட்டமும் கிடையாது. வாயை மூடிய பிளாஸ்டிக் டப்பா, கத்திரி வெயில் மாதம், மாடி அறை. டிஸ்க்கைக் கழற்றிக் கணினிக்குள் மாட்டிச் சூட்டைப் பார்த்தால், கழற்றி மாட்டிய நேரம் போகவும் 57 டிகிரி காட்டியது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் வகுத்திருக்கும் எல்லையே 60 டிகிரிதான்.

அடுத்து, டிஸ்க்கை மேலிருந்து ரொட்டித்துண்டு மாதிரி செருகும் திறந்த டாக். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஸ்மார்ட் பதிவேட்டையும் ஒளிக்காமல் காட்டியது. ஆனால் திறந்திருக்கும் எதையும் தமிழ்நாட்டு வீட்டில் பல்லி சும்மா விடாது. ஒரு நாள் காலையில் டிஸ்க்கின் சர்க்யூட் பலகைக்கும் டாக்கின் விளிம்புக்கும் நடுவே ஒன்று குளிர்காய்ந்துகொண்டிருந்தது. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் விழுந்தால் என்ன என்று போடவில்லை.

அந்த டாக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் ஸ்மார்ட் பதிவேட்டின் 199-ஆம் வரி மெல்ல ஏறத் தொடங்கியது. டிஸ்க்குக்கும் சிப்புக்கும் நடுவே போகும் தரவு வழியில் கெட்டுப்போய், கண்டுபிடிக்கப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்ட தடவைகளை அந்த வரி எண்ணும். 5-ஆம் வரியும் 197-ஆம் வரியும் ஏறினால் டிஸ்க்கின் தட்டே கெடுகிறது என்று பொருள், உடனே நகலெடுத்துக்கொண்டு ஓட வேண்டும். 199 மட்டும் ஏறினால் இணைப்பு முனையில் தூசி, தேய்மானம், ஆட்டம். என் டாக்கில் 5-உம் 197-உம் பூஜ்யமாகவே இருந்தன. அடிக்கடி செருகி எடுத்து அதன் முனை தளர்ந்துவிட்டது. டிஸ்க் நிரபராதி, டாக் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டது. அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பழைய டிஸ்க்குகளை எப்போதாவது ஒரு தரம் திறந்து பார்க்க இன்றும் அதை வைத்திருக்கிறேன், மேலே ஒரு துணி போட்டு.

நேர்மையான தோல்வி என்று இதைத்தான் சொல்கிறேன். விளையாட்டில் இதன் உச்சம் எனக்கு ‘ஸ்பெலங்கி’. வடிவமைப்பாளர் டெரெக் யூ முதலில் 2008-இல் இலவசமாக வெளியிட்டு, பிறகு 2012-இல் மெருகேற்றிக் கொண்டுவந்த விளையாட்டு. குகைக்குள் இறங்க வேண்டும். நான்கு உயிர்ப்புள்ளிகள், நான்கு வெடிகுண்டுகள், நான்கு கயிறுகள். செத்தால் முதலிலிருந்து, குகையும் புதிதாக அமையும். குகை மாறுமே தவிர விதி மாறாது. சுவரிலிருக்கும் அம்புப் பொறி நான் குறுக்கே போனாலும் பாயும், வௌவால் போனாலும் பாயும், நான் எறிந்த கல் போனாலும் பாயும். ஒரு நாள் அந்தப் பொறியை ஏமாற்ற ஒரு கல்லை விட்டெறிந்தேன். கல் எங்கோ பட்டுத் தெறித்து, பக்கத்தில் கடை வைத்திருந்தவர் மேல் விழுந்தது. அவர் துப்பாக்கியோடு பாய்ந்து வந்து என்னைச் சுட்டுத் தள்ளினார். நாற்பது நிமிட உழைப்பு போனது. எனக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரிந்தது, நான் எறிந்த கல்தானே.

‘இன்டு தி ப்ரீச்’ இன்னும் ஒரு படி மேலே போகும். எட்டுக்கு எட்டுக் கட்டம், சதுரங்கப் பலகை மாதிரி. நம் முறை வருவதற்கு முன்பே எதிரி ஒவ்வொன்றும் எங்கே தாக்கப்போகிறது என்று பலகையிலேயே குறித்துக் காட்டிவிடும். ஒளிவு மறைவே கிடையாது. மூன்று இயந்திரங்களை வைத்துக்கொண்டு, எதைத் தள்ளினால் எது எதன் மேல் மோதும் என்று கணக்குப் போட வேண்டும். அப்படிக் காட்டிய பிறகு அதிர்ஷ்டத்துக்கு என்று மிஞ்சியிருப்பது, அடிபடும் கட்டடம் எப்போதாவது தாங்கிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும்தான். அதுவும் ஆட்டக்காரருக்குச் சாதகமாகவே வேலை செய்யும். தோற்றபின் பத்து நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டு, எந்த நகர்த்தலில் கோட்டை விட்டோம் என்று கண்டுபிடித்துவிடலாம். தனியாக விளையாடும் விளையாட்டில் எனக்கு வேண்டிய சுகம் இதுதான். எங்கள் அத்தை திண்ணையில் தனியாக உட்கார்ந்து ஐந்தாங்கல் ஆடுவாள். கல் தவறினால் கல்லைத் திட்டி ஒருநாளும் பார்த்ததில்லை.

பிடிக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எழுபது சதவீதம் படும் என்று எழுதிவிட்டு மூன்று முறை தொடர்ந்து தவறவிடும் துப்பாக்கிகள். நான் நன்றாக ஓட்டினால் பின்னால் வரும் வண்டிகளுக்குக் கள்ளத்தனமாக வேகம் கூட்டிவிடும் பந்தய விளையாட்டுகள். இதில்தான் எனக்கு அதிக எரிச்சல், ஏனென்றால் திறமைக்குப் பரிசே இல்லாமல் ஆக்கிவிட்டு, கடைசி வளைவில் ‘நெருக்கமான போட்டி’ என்று நாடகமாடும். பிறகு, இருபது மணி நேரம் விளையாடினால் வாளின் எண் கூடி எதிரி தானாகச் செத்துவிழும் வகை. அங்கே வளர்வது எண், நான் அல்ல. நண்பர் ஒருவருக்கு அதுதான் பிடிக்கும். அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்தால் தோற்காமல் இருக்க வேண்டும் என்பார். அதுவும் நியாயம்தான், ஆனால் இருவரும் ஒரே கணினியில் விளையாட முடியாது.

ஒரு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். செலஸ்டில் உதவி முறை என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாகக் குறைத்துப் பாதி வரை கொண்டுவரலாம், சோர்வே இல்லாமல் சுவரைப் பற்றலாம், சாகாமலே இருக்கலாம். அதை ஏளனமாகப் பார்த்தவன் நான். மகள் எழுபது சதவீத வேகத்தில் தொடங்கினாள். ஓர் அறையில் வரிசை கைவந்ததும் எண்பது, பிறகு தொண்ணூறு. வீணை வாத்தியார் முதல் காலத்தில் வாசிக்கவைத்துவிட்டு இரண்டாம் காலத்துக்குப் போவது மாதிரி. ஒரு மாதத்தில் முழு வேகத்துக்கு வந்துவிட்டாள். நான் முழு வேகத்தில் முட்டி மோதிக் கற்றதைவிட அவள் விரல் சுத்தமாக இருக்கிறது. டெர்ரி கவனாவின் ‘சூப்பர் ஹெக்ஸகன்’ விளையாட்டில் ஒரு நிலையை முடிக்க 60 நொடி உயிரோடு இருந்தால் போதும். அவள் இருந்துவிட்டாள். நான் 41-ஐத் தாண்டியதில்லை, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

மூன்றாவது கேசிங்குக்கு வருகிறேன். அலுமினியம், பின்னால் சின்ன விசிறி, பழைய மாடல், நண்பரிடமிருந்து வந்தது. இரண்டு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது, டிஸ்க் கோடையிலும் 43 டிகிரியைத் தாண்டியதில்லை. பிறகு ஒரு மின்னல் நாளில் அதன் சர்க்யூட் பலகை செத்தது. பரவாயில்லை, டிஸ்க்தான் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து டாக்கில் செருகினேன். காலி டிஸ்க் என்றது. மனைவியின் விண்டோஸ் மடிக்கணினியில் மாட்டினால், ஃபார்மட் செய்யட்டுமா, அதாவது இருப்பதை அழித்துப் புதிதாக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது.

அந்த இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்தாதது என் வாழ்க்கையின் சில நல்ல முடிவுகளில் ஒன்று.

நடந்தது இதுதான். டிஸ்க் தன் இடத்தை 512 பைட் கொண்ட செக்டர்களாக எண்ணும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து முறையில் அப்படி எண்ணினால் 2.2 டெராபைட்டுக்கு (டிபி) மேல் போக முடியாது. அதற்காக அந்தக் காலத்துச் சில கேசிங்குகளின் சிப், எட்டெட்டு செக்டர்களைச் சேர்த்து 4096 பைட் என்று கணினியிடம் கதை சொல்லும். எல்லை எட்டு மடங்கு கூடிவிடும். நல்ல உபாயம்தான். ஆனால் டிஸ்க்கின் பொருளடக்கம் முழுவதும் அந்தக் கதையின்படியே எழுதப்பட்டிருக்கும். கதை சொன்ன சிப் செத்த பிறகு வேறு பெட்டியில் மாட்டினால், கணினி 512-இல் தேடும், அட்டவணையோ 4096-இல் கிடக்கும். தரவு முழுசாக அங்கேயே இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்தான் இல்லை.

நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பயன்படுத்துகிறவன். டிஸ்க்கை எழுத முடியாத நிலையில் வைத்து, செக்டர் அளவு 4096 என்று குறிப்பிட்டு ஒரு லூப் சாதனமாக, அதாவது டிஸ்க் மாதிரி நடிக்கும் ஏற்பாடாகத் திறக்க வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. கோப்புறைகள் வரிசையாகத் திரையில் எழுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கோப்புகள் தெரிவதாலேயே அவை நலமாக இருக்கின்றன என்று ஆகிவிடாது அல்லவா? நல்ல வேளையாக ஒலிக்கோப்புகளை ஃப்ளாக் வடிவில் வைத்திருந்தேன். தரம் குறையாமல் சுருக்கும் அந்த வடிவம், உள்ளே இருக்கும் ஒலிக்கான கைரேகை ஒன்றையும் தன்னோடு வைத்திருக்கும். சோதிக்கச் சொன்னால் ஒவ்வொரு கோப்பும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். இருநூறும் தேறின. புகைப்படங்களுக்கு அந்த வசதி இல்லாததால் அவற்றுக்கு மட்டும் தனியாகக் கைரேகைப் பட்டியல் எடுத்துவைக்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

இதிலிருந்து எந்தப் புதுக் கேசிங் வந்தாலும் முதல் நாளே ஒரு சோதனை வைக்கிறேன். காலி டிஸ்க் ஒன்றை அதில் ஃபார்மட் செய்து, சில கோப்புகளைப் போட்டு, கழற்றி, நேராகக் கணினிக்குள் சாட்டா கம்பியில் மாட்டிப் பார்ப்பேன். அங்கேயும் திறந்தால்தான் அந்தக் கேசிங்குக்கு வீட்டில் இடம். இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் ரெய்டு முறையைத் தானே அமைத்துக்கொள்ளும் பெட்டிகளை நான் தொடாததும் இதனால்தான். பெட்டி செத்தால் அதே மாதிரி பெட்டியைத் தேடி அலைய வேண்டும். போதாததற்கு இரண்டு நகலும் ஒரே அடாப்டரை நம்பி இருக்கும். ஒற்றை டிஸ்க் கேசிங் இரண்டு வாங்குவதே மேல்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒன்று பத்து நாள் தங்கிப் போனது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது திடீரென்று நிற்கும், சரியாக 30 நொடி கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி தொடரும். அந்த 30 நொடி, பதில் வராத கட்டளைக்காக லினக்ஸ் காத்திருக்கும் வழக்கமான நேரம். யுஏஎஸ்பி என்ற வேக முறையில் சிப் தடுமாறுகிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில் வரிவரியாகக் கிடந்தது. அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் பழைய முறையைப் பயன்படுத்தச் சொல்லிக் கெர்னலுக்குக் குறிப்பு எழுதினால் அந்தத் தடுமாற்றம் நின்றுவிடும். எழுதிப் பார்த்தேன், நின்றது, வேகமும் குறைந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்லபடியாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நான்காவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பெருமை. அலுமினியம், ஓசை குறைந்த விசிறி, ஸ்மார்ட் தெரிகிறது, கனமான சதுர யுஎஸ்பி முனை. அகலமான மெல்லிய முனை வைத்த பெட்டிகளில் கம்பி லேசாக இடித்தாலே இணைப்பு விட்டுப்போகும். பின்னால் அமுக்கி நிறுத்தும் நிஜமான சுவிட்ச் இருக்கிறது. தொட்டால் இயங்கும் பொத்தான் வைத்த பெட்டி, மின்தடைக்குப் பிறகு யாராவது வந்து தொடும்வரை தூங்கிக்கொண்டே இருக்கும், நான் வெளியூரில் இருக்கும்போது அது உதவாது. இதன் சிப்பும் பத்து நிமிடம் வேலை இல்லாவிட்டால் டிஸ்க்கைத் தூங்கவைத்துவிடும். ஒருமுறை விளையாட்டு ஒன்றை அதில் நிறுவியிருந்தேன். நடுவில் ஏதோ ஒலிக்கோப்பு தேவைப்பட, டிஸ்க் எழுந்து சுழன்று வர எட்டு நொடி. திரை உறைந்து, மீண்டும் அசைந்தபோது நான் பிணம். அன்றிலிருந்து விளையாட்டுகள் கணினியின் சுழலாத டிஸ்க்கான எஸ்எஸ்டியில், கேசிங் பண்டகசாலைக்கு மட்டும்.

புதிதாக வரும் 4 டிபி டிஸ்க்கை நம்பி எதையும் வைப்பதற்கு முன் ஒருமுறை முழுக்க எழுதி, முழுக்க வாசித்துப் பார்க்கிறேன். நொடிக்கு 150 எம்பி சராசரி என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அந்த எண்ணைக் கேட்டதும் அம்மா சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றச் சொன்னாள். செலஸ்டில் ஒரு சாவுக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே ஓரிரு நொடிதான், அதனால்தான் ஆயிரம் தடவை செத்தாலும் சலிப்பதில்லை. டிஸ்க் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. இரவு தொடங்கிவிட்டுப் படுத்து, காலையில் 5, 197, 199 மூன்று வரிகளையும் பார்ப்பேன். மூன்றும் நகராமல் இருந்தால் டிஸ்க் பாஸ். இரண்டாவது நகல் திருச்சியில் அக்கா வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றி எடுத்துவருகிறேன். அந்துருண்டை வாசனையோடு வரும்.

அந்த முள் அறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரிசீவரை நகர்த்தி, கம்பியை மாற்றி, நகலெடுப்பதையும் நிறுத்திவிட்டு மறுநாள் இரவு உட்கார்ந்தேன். அழுத்திய அழுத்தம் ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அங்கே நாற்பத்தொரு தடவை செத்தேன். மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். நீல விளக்கு அணைந்தே கிடந்தது.